சத்தமில்லாமல் படிப்பவர்கள் தரும் வேலை: புதிய ஃப்ரீலான்சர்களுக்கு ஒரு சமூக ஊடக வழிகாட்டி

நான் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைக்கிறேன். சமூக ஊடகம் வழியாக எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலையைத் தந்தவர், அதற்கு முன் 11 மாதமாக என் பதிவுகளைப் படித்து வந்தவர். ஒரு லைக் போட்டதில்லை, ஒரு கமென்ட் எழுதியதில்லை. அப்படி ஒருவர் இருப்பதே எனக்குத் தெரியாது. ஒருநாள் காலையில் செய்தி வந்தது: "உங்க பதிவெல்லாம் ரொம்ப நாளா பாக்குறேன். எங்க சங்கத்துக்கு ஒரு மலர் போடணும். 240 பக்கம் வரும். பேசலாமா?"

அன்று என்னைப் பின்தொடர்ந்தவர்கள் 400 பேர்கூட இல்லை. அந்த வேலையைத் தொடர்ந்து வேறு மூன்று வேலைகள் வந்தன.

எழுத்து, மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு, புரோகிராமிங், வீடியோ எடிட்டிங், கணக்கு பார்ப்பது என்று எந்தத் தொழிலில் ஃப்ரீலான்சராக இறங்கியிருந்தாலும் சரி, உங்களிடம் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். சமூக ஊடகத்தில் பிரபலமாக வேண்டும் என்ற கவலையை விட்டுவிடுங்கள். உங்கள் வேலை தேவைப்படக்கூடிய ஒரு நூறு பேருக்கு, அது தேவைப்படுகிற நாளில் உங்கள் பெயர் ஞாபகம் வந்தால் போதும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அதற்கான ஏற்பாடுதான்.

1. அந்த ஒரு வரியை எழுதுங்கள்

கணக்கைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் ஒரு வரி எழுதுங்கள். யாருக்கு, என்ன வேலை, கடைசியில் அவர் கையில் என்ன கிடைக்கும். மூன்றும் அதற்குள் வர வேண்டும்.

என் பழைய அறிமுக வரி இது: "கிராஃபிக் டிசைனர் | எழுத்துருப் பிரியன் | எப்போதும் கற்றுக்கொண்டிருப்பவன்." ஒரு மலர் போட நினைப்பவர் இதைப் படித்தால் என்னிடம் கேட்கலாமா, கூடாதா என்று அவருக்கு எப்படித் தெரியும்? லோகோ போடுபவனா, பேனர் போடுபவனா என்றே புரியாது. பிறகு இப்படி மாற்றினேன்: "தமிழ்ப் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைத்து, அச்சகத்துக்கு நேராக அனுப்பும் பிடிஎஃப்பாகத் தருகிறேன்."

இதில் 'அச்சகத்துக்கு நேராக அனுப்பும்' என்ற இரண்டு மூன்று சொற்கள்தான் வேலையைக் கொண்டுவந்தன. புத்தகம் போடுபவர்களுக்கு இருக்கும் பெரிய தலைவலி, வடிவமைத்தவர் கொடுத்த கோப்பை அச்சகம் "மார்ஜின் இல்லை, எழுத்துரு இல்லை" என்று திருப்பி அனுப்புவது. உங்கள் தொழிலிலும் வாடிக்கையாளரை ராத்திரி தூங்கவிடாத ஒரு தலைவலி இருக்கும். அது என்னவென்று கண்டுபிடித்து உங்கள் வரிக்குள் வையுங்கள்.

இடம் குறைவு என்பதையும் மனதில் வையுங்கள். இன்ஸ்டாகிராம் அறிமுகத்துக்கு 150 குறிகள், எக்ஸ் தளத்தில் 160, லிங்க்ட்இன்னில் பெயருக்குக் கீழே வரும் வரிக்கு 220. தமிழில் எழுதும்போது புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனிக் குறிகளாகக் கணக்கில் வரும். 'தமிழ்' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து குறி. மேலே உள்ள என் வரியில் 9 சொற்கள்தான் இருக்கின்றன, ஆனால் கிட்டத்தட்ட 100 குறிகளை எடுத்துக்கொள்கிறது. அதனால் அடைமொழிகளுக்கு அங்கே இடமே இல்லை.

"ஒரே வேலையைச் சொன்னால் மற்ற வேலைகள் போய்விடாதா?" என்று பயம் வரும். எனக்கும் இருந்தது. அட்டை வடிவமைப்பைப் பற்றி நான் எழுதவே இல்லை. பக்கம் வடிவமைக்கக் கொடுத்தவர்களில் பாதிப் பேர் அட்டையையும் என்னிடமே கேட்டார்கள். ஒரு கதவு வழியாக உள்ளே வந்தவருக்கு மற்ற அறைகளைக் காட்டுவது சுலபம்.

2. வாடிக்கையாளர் இருக்கும் இடத்துக்குப் போங்கள்

எல்லாத் தளங்களிலும் கணக்கு வைத்தால் எதிலும் உயிர் இருக்காது. முதல் ஆறு மாதத்துக்கு ஒரு தளம் போதும். துணைக்கு இன்னொன்று வைத்துக்கொள்ளலாம், அதற்குமேல் வேண்டாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது? உங்களுக்கு வேலை தரக்கூடிய நிஜமான மூன்று பேரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் போன வாரம் எங்கே பதிவு போட்டார்கள், எங்கே கமென்ட் எழுதினார்கள் என்று தேடிப் பாருங்கள். மூவரில் இருவர் எங்கே இருக்கிறார்களோ, அதுதான் உங்கள் தளம்.

பொதுவாகச் சொன்னால், நிறுவனங்களில் முடிவெடுக்கும் ஆட்கள் லிங்க்ட்இன்னில் இருக்கிறார்கள். 2003 இல் தொடங்கியதிலிருந்தே அது தொழில் தொடர்புக்கான இடம். அங்கே என்னென்ன சேவை தருகிறீர்கள் என்று தனியாகப் பதிவு செய்துவைக்கும் வசதியும் உண்டு. கண்ணால் பார்த்து முடிவு செய்யும் வேலைகளுக்கு, அதாவது புகைப்படம், அலங்காரம், ஓவியம், ஒப்பனை போன்றவற்றுக்கு, இன்ஸ்டாகிராம் பொருந்தும். வடிவமைப்பாளர்களுக்கு பிஹான்ஸ் இருக்கிறது, புரோகிராமர்களுக்கு கிட்ஹப் இருக்கிறது. இவை இரண்டும் வேலையைக் காட்டுவதற்கு நல்ல இடங்கள். ஆனால் அங்கே உங்களைப் பார்ப்பவர்களில் நிறையப் பேர் சக தொழில்காரர்கள் என்பதை மறக்காதீர்கள். சிறிய அமைப்புகள், சங்கங்கள், வீட்டிலிருந்து தொழில் செய்பவர்கள் ஃபேஸ்புக் குழுக்களில் கிடைப்பார்கள். சொல்லிக்கொடுக்கக்கூடிய விஷயம் உங்களிடம் இருந்தால் யூடியூப் நல்லது. அங்கே போட்ட வீடியோ தேடலில் வருடக்கணக்கில் கிடைத்துக்கொண்டிருக்கும்.

வாட்ஸ்அப் பிசினஸைத் தனியாகச் சொல்ல வேண்டும். புது ஆட்களைக் கண்டுபிடிக்க அது உதவாது, வந்தவர்களைத் தவறவிடாமல் இருக்க உதவும். உங்கள் சேவைகளைப் பட்டியலாக வைக்கலாம். 'புது விசாரணை', 'அட்வான்ஸ் வந்தது', 'முடிந்தது' என்று பேச்சுகளுக்கு லேபிள் ஒட்டலாம். அடிக்கடி அனுப்பும் பதில்களைச் சேமித்தும் வைக்கலாம்.

3. வாசலைச் சரிசெய்யுங்கள்

இது ஒரு மாலை நேர வேலை. முகம் தெளிவாகத் தெரியும் படம், அந்த ஒரு வரி, தொடர்புகொள்ளும் வழி, நீங்கள் செய்த மூன்று வேலைகள். உங்கள் மிகச் சிறந்த பதிவு எப்போதும் மேலேயே நிற்கும்படி 'பின்' செய்துவையுங்கள். லிங்க்ட்இன்னில் இதற்கென்றே அறிமுகத்துக்குக் கீழே தனிப் பகுதி இருக்கிறது.

அப்புறம் இரண்டு சோதனைகள். உங்கள் தொழிலைப் பற்றித் தெரியாத ஒருவரிடம் அந்தப் பக்கத்தைப் பத்து விநாடி காட்டிவிட்டுக் கைபேசியை வாங்கிக்கொள்ளுங்கள். "நான் என்ன வேலை செய்கிறேன்?" என்று கேளுங்கள். தடுமாறினால் வரியை மாற்றுங்கள். இரண்டாவது, கணக்கிலிருந்து வெளியே வந்து, வேறொருவர் கைபேசியில் உங்கள் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு இணைப்பையும் தட்டிப் பாருங்கள். நீங்கள் செய்த வேலைகளைத் தொகுத்துவைத்த போர்ட்ஃபோலியோ கோப்பு "அனுமதி கேளுங்கள்" என்று நின்றால், வந்தவர் அனுமதி கேட்டுக் காத்திருக்க மாட்டார், போய்விடுவார்.

இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் அறிமுகமில்லாதவர்கள் அனுப்பும் செய்திகள் தனிப் பெட்டியில் போய் விழும். வேலை விசாரணைகள் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். தினமும் ஒரு முறை அதைத் திறந்து பாருங்கள்.

4. காட்டுவதற்கு வேலையே இல்லை என்றால்

புதியவர்கள் தயங்கி நிற்பது இங்கேதான். வாடிக்கையாளர் இல்லாததால் காட்ட வேலை இல்லை, காட்ட வேலை இல்லாததால் வாடிக்கையாளர் இல்லை. இந்த முடிச்சை நீங்களே அவிழ்த்துவிடலாம். எந்த வேலை கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்களோ, அதில் மூன்று மாதிரிகளை நீங்களே செய்யுங்கள். நான் காப்புரிமை முடிந்த ஒரு பழைய நூலை எடுத்து, அதன் முதல் 16 பக்கங்களை மூன்று விதமாக வடிவமைத்துப் போட்டேன். மொழிபெயர்ப்பாளர் ஒரு பொது அறிவிப்பை மொழிபெயர்த்துக் காட்டலாம். வீடியோ எடிட்டர் தன் கைபேசியில் தானே எடுத்த காட்சிகளை வெட்டிக் காட்டலாம்.

ஒரே ஒரு நிபந்தனை: "பயிற்சிக்காக நானே செய்த மாதிரி" என்று அதிலேயே எழுதிவிடுங்கள். யாரோ கொடுத்த வேலை போலக் காட்டினால், "அவங்க நம்பர் கொடுங்க, கேட்டுப் பாக்குறேன்" என்ற ஒரு கேள்வியில் எல்லாம் போய்விடும். மாதிரி என்று சொல்வதால் மதிப்பு குறைவதில்லை. வாடிக்கையாளர் பார்ப்பது கைத்திறனை.

நிஜ வேலை வந்ததும், அதை வெளியே காட்டலாமா என்று தொடக்கத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "வேலை வெளியான பிறகு இதன் சில பக்கங்களை என் கணக்கில் மாதிரியாகப் போடலாமா?" அவ்வளவுதான். ரகசிய ஒப்பந்தம் இருந்தால் அந்த வேலையைப் பற்றி வாய் திறக்க வேண்டாம், பெயரை மறைத்தும் வேண்டாம்.

5. பதிவில் என்ன எழுதுவது

என் முதல் எட்டு மாதப் பதிவுகள் எல்லாம் எழுத்துருக்களின் அழகு, வரி இடைவெளியின் நுட்பம் என்று போயின. நல்ல பாராட்டு கிடைத்தது. ஒரு வேலைகூட வரவில்லை. கைதட்டியவர்கள் யார் என்று ஒருநாள் உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. எல்லோரும் என்னைப் போலவே வடிவமைப்பாளர்கள். சக தொழில்காரர்களின் நட்பு மதிப்புள்ளது, தங்களால் முடியாத வேலையை நமக்கு அனுப்பிவைப்பவர்களும் அவர்கள்தான். ஆனால் அவர்களுக்காகவே எழுதினால், வேலை தரவேண்டியவருக்கு அது புரியாத பேச்சாகிவிடும்.

அதன்பிறகு நான் போட்ட ஒரு பதிவை அப்படியே தருகிறேன் (இதில் வரும் இன்டிசைன், புத்தகப் பக்கங்களை வடிவமைக்கும் மென்பொருள்):

"வேர்டில் சரியாக இருந்த தமிழ், பக்க வடிவமைப்புக்குப் போனதும் உடைந்துவிட்டதா? 'தெரு' என்று அடித்தால் கொம்பு 'த'வுக்குப் பின்னால் போய் நிற்கிறதா? நீங்கள் யூனிகோடில் அடித்த கோப்பில் தப்பு எதுவும் இல்லை. இன்டிசைனில் 'வேர்ல்ட் ரெடி கம்போசர்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். ஒவ்வொரு பத்தியாக மாற்ற வேண்டியதில்லை. பத்திப் பாணியில் ஒரு முறை மாற்றினால் புத்தகம் முழுக்கச் சரியாகும்."

கூடவே இரண்டு படங்கள் போட்டேன். ஒன்று உடைந்த வரி, இன்னொன்று சேர்ந்த வரி. 14 லைக் வந்தது. ஆனால் அதைப் பல பேர் சேமித்துவைத்தார்கள், தங்கள் குழுக்களில் பகிர்ந்தார்கள். மலர் வேலை தந்தவரும் "அந்தக் கொம்புப் பதிவு பாத்துதான் உங்க பேரை ஞாபகம் வெச்சுக்கிட்டேன்" என்றார்.

அந்தப் பதிவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். முதல் வரியிலேயே வாடிக்கையாளரின் அவதி அவருடைய வார்த்தையிலேயே வருகிறது. அந்த அவதி உள்ளவர் படிக்காமல் போக மாட்டார். லிங்க்ட்இன், இன்ஸ்டாகிராம் இரண்டுமே நீளமான பதிவின் முதல் சில வரிகளை மட்டும் காட்டிவிட்டு, மீதியை 'மேலும்' என்ற பொத்தானுக்குப் பின்னால் வைக்கின்றன. லிங்க்ட்இன் பதிவில் 3,000 குறிகள் வரை எழுதலாம், இன்ஸ்டாகிராம் படத்துக்குக் கீழே 2,200 வரை எழுதலாம். ஆனால் முதல் வரி கையைப் பிடித்து இழுக்காவிட்டால் மீதியை யாரும் திறக்க மாட்டார்கள். "வணக்கம் நண்பர்களே, இன்று ஒரு முக்கியமான விஷயத்தைப் பற்றிப் பார்ப்போம்" என்று தொடங்கி அந்த இடத்தை வீணாக்காதீர்கள்.

அப்புறம், தீர்வு முழுசாகச் சொல்லப்பட்டிருக்கிறது. "எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டால் யார் காசு கொடுப்பார்கள்?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தானே செய்துகொள்ளக்கூடியவர் எப்படியும் உங்களிடம் வரப்போவதில்லை. மற்றவர், "இது ஒன்றுக்கே இவ்வளவு இருக்கிறதா, விஷயம் தெரிந்தவரிடமே கொடுத்துவிடலாம்" என்று நினைப்பார்.

அடுத்த வாரம் என்ன எழுதுவது என்ற திணறல் எல்லோருக்கும் வரும். ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரோ, வாடிக்கையாளராகக்கூடியவரோ கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் அவர் கேட்ட வார்த்தையிலேயே எழுதிவையுங்கள். "எத்தனை நாள் ஆகும்?", "வேர்ட் ஃபைலா கொடுத்தா போதுமா?", "ஏன் ஒருத்தர் இவ்ளோ கேக்குறார், இன்னொருத்தர் பாதி கேக்குறார்?" ஒவ்வொரு கேள்வியும் ஒரு பதிவு. நடுநடுவே ஒரு வேலை எப்படித் தொடங்கி எப்படி முடிந்தது என்று படிப்படியாகக் காட்டுங்கள். முதல் வரைவு, வாடிக்கையாளர் சொன்ன திருத்தம், ஏன் மாற்றினோம், கடைசி வடிவம். இன்ஸ்டாகிராமில் ஒரே பதிவில் 20 படங்கள் வரை அடுக்கலாம், அதில் ஆறு ஏழு போதும். உங்களோடு வேலை செய்வது எப்படி இருக்கும் என்பதைப் படிப்பவர் மனதுக்குள் ஒரு முறை நடத்திப் பார்த்துவிடுவார்.

வாரம் இரண்டு பதிவு போதும். முதல் வாரம் தினமும் போட்டுவிட்டு அடுத்த மாதம் காணாமல் போவதைவிட இது எவ்வளவோ மேல். ஊக்கமூட்டும் பொன்மொழிகளைப் போட்டு இடைவெளியை நிரப்பாதீர்கள், எதுவும் இல்லாத வாரம் சும்மா இருங்கள். வாடிக்கையாளரைப் பற்றிப் பொதுவில் குறை எழுதவே எழுதாதீர்கள். பெயர் சொல்லாமல் எழுதினாலும், படிக்கும் அடுத்த வாடிக்கையாளர் "நாளைக்கு என்னைப் பற்றியும் இப்படி எழுதுவாரோ" என்றுதான் நினைப்பார்.

6. பதிவைவிடப் பேச்சு முக்கியம்

மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் "அந்தத் தெரிந்தவரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்துவந்தீர்கள்?" என்று கேட்டு, 1973 இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அடிக்கடி பார்க்கும் ஆள் மூலம் வேலை கிடைத்தவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்க்கும் ஆள் மூலம் 55.6 சதவீதம், அரிதாகப் பார்க்கும் ஆள் மூலம் 27.8 சதவீதம். நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். எப்போதோ பார்க்கும் ஆள்தான் நாம் போகாத வட்டத்தில் உலவுகிறார். அந்த ஆய்வு சிறியது, அதுவும் சம்பள வேலைகளைப் பற்றியது. ஆனால் 2022 இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, லிங்க்ட்இன்னில் 2 கோடிப் பேரின் தொடர்புகளை வைத்துப் பார்த்தபோதும், ஓரளவு தளர்வான பழக்கம்தான் வேலை மாற அதிகம் கைகொடுக்கிறது என்று கண்டது.

ஃப்ரீலான்ஸ் வேலையிலும் நான் பார்த்தது இதுதான். அதனால் புதிய ஆட்களைத் தேடி ஓடுவதற்கு முன், பழைய ஆட்களைப் பட்டியல் போடுங்கள். கூடப் படித்தவர்கள், முன்பு ஒரே அலுவலகத்தில் இருந்தவர்கள், ஒரு கூட்டத்தில் அறிமுகமானவர்கள் என்று முப்பது பேர் வருவார்கள். அவர்களைத் தளத்தில் இணைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். எல்லோருக்கும் ஒரே செய்தியை ஒட்டி அனுப்பாதீர்கள். நான் முன்பு கூட வேலை பார்த்த ஒருவருக்கு எழுதியது:

"அண்ணா, நல்லா இருக்கீங்களா? ஆபீஸ விட்டு வந்து தனியா புத்தக லேஅவுட் பண்ண ஆரம்பிச்சிருக்கேன். உங்களுக்கு வேலை இருக்கும்னு கேக்கல, தெரிஞ்சவங்க யாராவது புத்தகமோ மலரோ போடப்போறதா சொன்னா என் பேரச் சொல்லுங்க. நீங்க இப்ப என்ன பண்ணிட்டிருக்கீங்க?"

கடைசிக் கேள்வியை மனதாரக் கேளுங்கள். பதில் வந்தால் அதைப் படித்து, திரும்ப எழுதுங்கள்.

முன்பின் தெரியாதவர்களிடம் பேச, முதலில் அவர்கள் பதிவுகளுக்குக் கீழே எழுதுங்கள். தினமும் 15 நிமிடம் இதற்கு ஒதுக்கினால் போதும். "அருமை", "சூப்பர்" என்று எழுதுவதால் யாரும் உங்களை ஞாபகம் வைக்கப்போவதில்லை. அவர் சொன்னதோடு உங்கள் தொழில் அனுபவத்திலிருந்து ஒரு தகவலைச் சேருங்கள். நாலைந்து முறை அப்படி நடந்தால், பெயர் தெரிந்த ஆளாகிவிடுவீர்கள்.

நேரடிச் செய்தி அனுப்பும்போது இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். "வணக்கம் மேடம், நான் ஒரு டிசைனர். குறைந்த விலையில் தரமான சேவை. வாய்ப்பு இருந்தால் தெரிவிக்கவும்." இது தினமும் அவருக்குப் பத்து வருகிறது. இன்னொன்று: "வணக்கம் மேடம். நீங்கள் வெளியிட்ட மின்னூலைக் கைபேசியில் படித்தேன். மூன்றாம் அத்தியாயத்தில் அடிக்குறிப்புகள் இடம் மாறி விழுகின்றன, ஸ்க்ரீன்ஷாட் இணைத்திருக்கிறேன். கோப்பை மாற்றும்போது சரிசெய்யக்கூடியதுதான். எப்படி என்று வேண்டுமானால் எழுதி அனுப்புகிறேன்." இதில் வேலை கேட்கவே இல்லை. ஆனால் அவர் புத்தகத்தை உண்மையிலேயே படித்த ஆள் எழுதியது என்று தெரிகிறது. குறையைத் தனியாகச் சொன்னதும் முக்கியம். அதையே பொதுவில் எழுதியிருந்தால் அவமானப்படுத்தியதாகிவிடும்.

பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரே ஒரு முறை ஞாபகப்படுத்தலாம். அதற்குமேல் விட்டுவிடுங்கள்.

7. "எவ்ளோ ஆகும்?" என்று வந்ததும்

இந்த ஒற்றை வரிக் கேள்விக்கு ஒற்றை எண்ணைப் பதிலாகச் சொல்லிவிடாதீர்கள். வேலை என்னவென்று தெரியாமல் சொன்ன விலை ஒன்று உங்களைக் கடிக்கும், இல்லை அவரை விரட்டும். அதற்காகப் பதில் சொல்லாமல் இழுக்கவும் கூடாது. நான் இப்படிப் பதில் எழுதுகிறேன்: "கேட்டதுக்கு நன்றி சார். மூணு விஷயம் தெரிஞ்சா சரியா சொல்லிடுவேன். மொத்தம் எத்தனை பக்கம், படங்கள் இருக்கா, எந்தத் தேதிக்கு அச்சுக்குப் போகணும்? போன்ல பத்து நிமிஷம் பேசினாலும் சரி."

உங்கள் தொழிலுக்கான மூன்று கேள்விகளை இப்போதே எழுதிச் சேமித்துவையுங்கள். விசாரணை வந்த அன்றே பதில் போக வேண்டும். கேட்பவர் அதே நேரத்தில் வேறு இருவரிடமும் கேட்டிருப்பார்.

பேசி முடித்த பிறகு, சமூக ஊடகத்தின் செய்திப் பெட்டியிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். பேசியதையெல்லாம் மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். என்ன வேலை, எதெல்லாம் இதில் சேராது, எத்தனை முறை திருத்தம், எந்தத் தேதிக்கு எது வரும், மொத்தத் தொகை, அட்வான்ஸ், மீதி எப்போது. "சரி, ஒப்புக்கொள்கிறேன்" என்று அவர் பதில் எழுதட்டும். அட்வான்ஸ் வந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். இதைக் கேட்கப் புதியவர்கள் கூச்சப்படுகிறார்கள். ஒழுங்காக வேலை கொடுப்பவர்கள் இதை எதிர்பார்த்துத்தான் இருப்பார்கள்.

நான் ஒரு முறை திருத்தங்களின் எண்ணிக்கையை எழுதாமல் விட்டேன். அந்த வேலை 17 முறை திரும்பி வந்தது. கேட்டவர்மேல் தப்பில்லை, எல்லை எங்கே என்று நான் அவருக்குச் சொல்லவில்லை.

8. ஏமாற்றுபவர்களைப் பற்றி

வேலை தேடுகிறோம் என்று வெளியே சொன்னதும் இவர்களும் வருவார்கள். நாலு வகை அடிக்கடி வரும். பேசியதைவிட அதிகமாகப் பணம் அனுப்பியதாகச் சொல்லி, "மீதியைத் திருப்பி அனுப்புங்கள்" என்று அவசரப்படுத்துவார்கள். வந்ததாகக் காட்டிய பணம் பிறகு திரும்பப் போய்விடும், நீங்கள் அனுப்பியது போனதுதான். இரண்டாவது, வேலை கொடுக்க முன்பணம் கேட்பவர்கள். வேலை தருபவருக்கு நீங்கள் பணம் கட்டும் ஏற்பாடு எதுவும் நேர்மையானது இல்லை. மூன்றாவது, "வேலை விவரம்" என்று சுருக்கிய (ஜிப்) கோப்பை அனுப்பித் திறக்கச் சொல்வார்கள். உள்ளே இருக்கும் நிரல் உங்கள் கணக்குகளைத் திருடிவிடும். நான்காவது, "சோதனைக்காக" முழு வேலையையே இலவசமாகக் கேட்பவர்கள். சிறு மாதிரி வேண்டுமென்றால் ஏற்கெனவே செய்ததைக் காட்டுங்கள்.

கணக்குக்கு, கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பை இன்றே போடுங்கள். கைபேசி தொலைந்தாலும் உள்ளே போகத் தளம் தரும் மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் கைபேசிக்கு வரும் ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

9. எதை எண்ணுவது, எதைச் சேமிப்பது

லைக்குகளை எண்ண வேண்டாம். மாதம் ஒரு தாளில் மூன்று எண்களை எழுதுங்கள். எத்தனை விசாரணை வந்தது, எத்தனை பேருடன் பேசினீர்கள், எத்தனை வேலை முடிவானது. புதிதாக வருபவர் ஒவ்வொருவரிடமும் "என்னை எங்கே பார்த்தீங்க?" என்று கேட்டு அதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் போனால் எந்தப் பதிவு உழைக்கிறது என்று தெரிந்துவிடும். விசாரணை வருகிறது, வேலை முடிவாகவில்லை என்றால் கோளாறு பதிவில் இல்லை, 7ஆம் படியில் இருக்கிறது.

தளத்தை முழுசாக நம்பியும் இருக்காதீர்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்தாற்போல ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கிக் கிடந்தன. லட்சக்கணக்கில் ரசிகர்களைச் சேர்த்துக் கொடுத்த வைன் தளம் 2017 இல் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 இல் போனது. வாடிக்கையாளர்களின் பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எண், என்ன வேலை செய்துகொடுத்தோம் என்பதை உங்கள் கணினியில் ஓர் அட்டவணையாக வைத்துக்கொள்ளுங்கள். பதிவுகளின் நகலையும் அவ்வப்போது பதிவிறக்கிக்கொள்ளலாம், எல்லாப் பெரிய தளங்களிலும் அந்த வசதி இருக்கிறது.

10. வேலை முடிந்த வாரம்

புத்தகம் கைக்கு வந்து அவர் மகிழ்ச்சியாக இருக்கும் அந்த வாரத்திலேயே நாலு வரி கேட்டு வாங்குங்கள். "ஒரு ரிவ்யூ எழுதுங்க சார்" என்று கேட்டால் "மிகச் சிறந்த சேவை" என்று எழுதித் தருவார், அதனால் யாருக்கும் பயனில்லை. கேள்வியாகக் கேளுங்கள். "வேலையத் தொடங்குறதுக்கு முன்னாடி உங்களுக்கு என்ன கவலை இருந்துச்சு? அது எப்படித் தீர்ந்துச்சு?" மலர் வேலை தந்தவரிடம் நான் அப்படித்தான் கேட்டேன். அவர் எழுதியது: "போன தடவ அச்சகத்துக்கும் டிசைனருக்கும் நடுவுல நான் பத்து நாள் அலைஞ்சேன். இந்தத் தடவ ஒரு போன்கூட வரல."

அவரிடம் அனுமதி கேட்டு, அதை என் பக்கத்தில் பின் செய்துவைத்தேன். அடுத்து வந்த மூன்று பேரில் இருவர் அந்த வரியைச் சொல்லித்தான் பேச்சையே தொடங்கினார்கள்.